பதினெட்டு ஆகட்டும்னு பிள்ளையைச் சுமக்க விடலாமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பாளையங்கோட்டைப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பதின்ம வயசுப் பிள்ளைக்கு மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சையா? 18 முடியட்டும்கிறது எதிரணி. உடம்பும் மனசும் தயாரா இருந்தா 18க்கு முன்னாலயும் செய்யலாம்கிறது எங்க அணி. எதிரணித் தலைவர் உக்காரும்போது ஒரு வார்த்தை சொல்லிக் கைதட்டு வாங்கினாரு. "இன்னைக்கு இதைக் குறைப்பாவ, நாளைக்கு மூக்கைச் செதுக்குவாவ, பொண்ணு பாக்க வாரதுக்குள்ள பிள்ளையைச் சிலையாக்கிருவாவ"ன்னாரு. அதுக்கு வாரேன், விடமாட்டேன். அதுக்கு முன்னால ஒரு புத்தகப் பையைப் பத்திப் பேசணும்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாசல்னு வச்சுக்கிடுங்க. சாயங்காலம் மணி அடிச்சாச்சு. எல்லாப் பிள்ளைகளும் பையை முதுகுல மாட்டிக்கிட்டு ஓடி வருதுக. பதினொண்ணாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மட்டும் பையை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சு, தோளைக் குறுக்கி, கடைசியா வாரா. அரசாங்கம் குடுத்த சைக்கிள் வீட்டுல நிக்கி. இவ நடந்தே வாரா.

அந்தப் பையை விளையாட்டு டீச்சர் பாக்காங்க. "கபடிக்குக் கூப்பிட்டா வயித்துவலிங்கா, சரியான சோம்பேறி." ஆச்சி பாக்கா. "பிள்ளைக்கு வெக்கம் வந்துட்டுடி, இனிமே தாவணி எடுத்துக் குடு." அம்மா பாக்கா. "ஏட்டி, கூன் போடாத, நிமிந்து நட"ன்னு முதுகுல ஒண்ணு வைக்கா. முதுகு வலிக்குன்னு கிளினிக்குக்குப் போனா சுண்ணாம்புச் சத்து மாத்திரை, கூடவே வலி மாத்திரை. ஒரு பை, நாலு பேரு, நாலு தீர்ப்பு!

உண்மையைக் கண்டுபிடிச்சது யாரு தெரியுமா? தெருமுனையில தையல் மெஷின் போட்டிருக்கிற டெய்லர் அக்கா. சுடிதாருக்கு அளவு எடுக்கும்போது நோட்டைப் புரட்டிப் பாத்துட்டு அம்மாட்ட சொல்லுதா: "யக்கா, எட்டு மாசத்துல மூணு தடவை அளவு மாறிட்டு. இடுப்புக்கு வச்சா மேல ஏறல, மேலுக்கு வச்சா இடுப்புல கோணி மாதிரி தொங்குது. தோளைப் பாத்தியா நீ?" அம்மா அன்னைக்குத்தான் பாக்கா. ரெண்டு தோள்லயும் உள்ளாடைப் பட்டை அழுந்தி அழுந்திப் பள்ளமே விழுந்து கிடக்கு.

இப்ப அந்தப் பையைத் திரும்பப் பாருங்க. பள்ளம் விழுந்த தோள்ல பைப் பட்டை பட்டா எரியும், அதான் முன்னால பிடிச்சிருக்கா. ஓடுனா கழுத்துல இருந்து நடுமுதுகு வரைக்கும் இழுக்கும், அதான் கபடிக்கு வயித்துவலி. மார்புக்கு அடியில இருக்கிற மடிப்பு நம்ம ஊரு சித்திரை வெயில்ல காயவே காயாது. வேர்வை தங்கி, தோல் வெந்து, பூஞ்சை பிடிச்சுப் புண்ணாகும். அதை அவ யார்ட்ட சொல்லுவா? நாலு பேர்ல ஒருத்தராவது "உனக்கு என்னம்மா செய்யுது"ன்னு கேட்டாங்களா?

நடுவர் அவர்களே, இப்ப அந்தச் சிலைக்கு வாரேன்.

அழகுக்காகச் செய்யுதாங்கன்னு சொன்னவர், இந்த ஆபரேஷன் உடம்புல என்ன விட்டுட்டுப் போகும்னு கேட்டிருக்கணும். வழக்கமான முறையில மூணு தழும்பு. மார்புக் காம்பைச் சுத்தி ஒரு வட்டம், அங்கிருந்து கீழே ஒரு நேர்கோடு, அடிமடிப்புல ஒரு நீள வளைவு. சிவந்து தடிச்சிருக்கிற தழும்பு அடங்க 12 முதல் 18 மாசம் ஆகும். நம்மளை மாதிரி மாநிறத் தோல்ல அது மேடு தட்டுற வாய்ப்பு கூடுதல், சிலருக்குக் காயத்தோட எல்லையைத் தாண்டித் தடிக்கிற கீலாய்டாவே வளரும். இதை டாக்டர் படம் போட்டுக் காட்டின பிறகும் "பரவால்ல டாக்டர், எனக்கு வலி போனாப் போதும்"னு ஒரு பிள்ளை சொன்னா, அவ சிலையாகவா வந்திருக்கா? மூணு தழும்பை வாங்கிக்கிட்டு வலியை இறக்கி வைக்க வந்திருக்கா!

செதுக்குறது எப்படின்னும் கேட்டுக்கிடுங்க. முதல்ல பிள்ளையை நிக்க வச்சுத்தான் பேனாவால கோடு போடுவாங்க, படுத்தா அளவு மாறிரும். முழு மயக்கம். ரெண்டு மணி நேரத்துல இருந்து நாலு மணி நேரம். வழக்கமா காம்பை அறுத்துத் தனியா எடுக்கிறதில்ல. ரத்தக் குழாயும் நரம்பும் இருக்கிற சதைத் தண்டோட சேத்து மேல நகத்துவாங்க, நாத்தைத் தாய்மண்ணோட பேத்து நடுற மாதிரி. மிச்சச் சுரப்பித் திசு, கொழுப்பு, தோலை எடுத்து எடை போட்டு, சதைப் பரிசோதனைக்கு அனுப்புவாங்க. பக்கத்துக்கு அரைக்கிலோ எடுத்தாலே ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவைத் தோள்ல தொங்கவிட்டுக்கிட்டு ஒரு நாள் முழுக்க வகுப்புல உக்காந்து பாருங்க ஐயா!

ஆபத்தே இல்லைன்னு நான் சொல்ல வரல. நேர்கோடும் அடிவளைவும் சேருற முனை இருக்கே, அங்கதான் தையல் அதிகமா விடும். ரத்தம் கடைசியா வந்து சேருற இடமும் அதுதான், தோல் அதிகமா இழுபடுற இடமும் அதுதான். சில வாரம் கட்டுப் போட்டா பெரும்பாலும் ஆறிரும். முதல் நாள் ராத்திரி ஒரு பக்கம் மட்டும் கல்லு மாதிரி இறுகி வீங்கி, வலி ஏறிக்கிட்டே போனா உள்ளே ரத்தம் கட்டுது. விடியட்டும்னு இருக்கக் கூடாது, அப்பமே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். காம்புல உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். தாய்ப்பால் பத்தி எதிரணி சகோதரி கேட்டாங்க, நியாயமான கேள்வி. காம்பு தண்டோடயே இருந்தா பலபேரு பால் குடுக்காங்க. சிலருக்குப் பால் பத்தாது, சிலருக்கு வராமலே போகும். காம்பைத் தனியா எடுத்து ஒட்டவைக்க வேண்டி வந்தா பால் குடுக்கிற பேச்சே இல்ல. இதைப் பிள்ளைகிட்ட மறைக்காம, முன்னாலயே சொல்லணும்.

இதெல்லாம் தெரிஞ்சுதான் எங்க அணி சொல்லுது, 18ங்கிறது கையெழுத்துக்கான வயசு. 1875லயே சட்டம் போட்டு வச்ச வயசு. அதுக்குக் கீழேன்னா பெத்தவங்க கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். சுரப்பிக்கு 18 தெரியாது. டாக்டர் பாக்கிறது வளர்ச்சி நின்னுட்டான்னு. வயசுக்கு வந்து ஏறத்தாழ மூணு வருசம் ஆகியிருக்கணும், ஒரு வருசமா அளவு மாறாம இருக்கணும். எடை கூடுன பிள்ளைகளுக்கு வளர்ச்சி நிக்க இன்னும் பல வருசம் ஆகலாம். எட்டு மாசத்துல மூணு அளவுன்னு டெய்லர் அக்கா எழுதி வச்சிருக்காளே, அந்த நோட்டுப்படி நம்ம பிள்ளைக்கு இன்னைக்கு ஆபரேஷன் கிடையாது! அவசரப்பட்டுச் செஞ்சா மறுபடி வளரும், மறுபடி கத்தி. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அளவெடுத்துத் தேதி போட்டு வைங்க.

அதுவரைக்கும் சரியா அளவெடுத்த, பட்டை அகலமான உள்ளாடை. முதுகுக்கும் தோளுக்கும் பிசியோதெரபி. மடிப்பைத் துடைச்சுக் காயவச்சு, டாக்டர் குடுத்த மருந்து. எடை கூடுதலா இருந்தாக் குறைக்கட்டும், நல்லதுதான். ஆனா எடை குறைஞ்சாக் கொழுப்புதான் கரையும், சுரப்பித் திசு கரையாது. ஒரு பக்கம் மட்டும் விறுவிறுன்னு வளந்தா அது கட்டியா இருக்கலாம், உடனே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். சில மாசத்துலயே தோல் புண்ணாகிற அளவுக்குப் பெருத்துப் போற அபூர்வமான நோயும் உண்டு. அதுல வளர்ச்சி நிக்கட்டும்னு காத்திருக்க முடியாம, திரும்ப வளரலாம்னு தெரிஞ்சே முன்கூட்டிச் செய்ய வேண்டி வரும். அந்தப் பிள்ளைக்கு எதிரணி 18ங்குமா?

ஆபரேஷன் முடிஞ்சா ஒண்ணு ரெண்டு வாரத்துல பள்ளிக்கூடம் போகலாம். ஆறு வாரத்துக்குச் சைக்கிள் கிடையாது, கபடி கிடையாது, தண்ணிக்குடம் தூக்கக் கூடாது. ஒரு குடம் பத்துக் கிலோவுக்கு மேல, இவ தூக்கலாம்கிறது ரெண்டு மூணு கிலோ. ராத்திரியும் பகலும் தாங்கு உள்ளாடை. இதை ஒத்துக்கிடாத வீடு தேதி குறிக்கவே வேண்டாம்.

பிள்ளை வேண்டாம்னா செய்யக் கூடாது. ஆச்சி சொன்னா, மாமியார் வீடு சொல்லும்னு பயந்து செய்யக் கூடாது. ஆனா அவ வேணும்னு சொல்லணும்னா, அவ வாயைத் திறக்க ஒரு இடம் வேணும்லா? வீட்டுல அந்த இடம் எங்க இருக்கு?

இந்த மன்றத்துல உக்காந்திருக்கிற அப்பாமாருக்குச் சொல்லுதேன். பிள்ளைக்குக் காய்ச்சல்னா நடுராத்திரி ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி வரைக்கும் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுன அப்பாமாருதான நீங்க? இந்த வலின்னதும் ஏன் "அம்மாட்ட சொல்லு"ன்னு வராண்டாவுலயே நின்னுருதிய? உள்ளே வாங்க. பிள்ளை சம்மதிச்சா அவ பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காருங்க. டாக்டர் சொல்லுத மூணு தழும்பையும் நீங்களும் கேளுங்க, பால் குடுக்கிற விஷயத்தையும் கேளுங்க. ஒரு பத்து நிமிசம் நீங்களும் வெளியே போயி, அவளை டாக்டர்ட்ட தனியாப் பேசவிடுங்க. அப்புறம் படிவத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால அவ முகத்தைப் பாத்து, "உனக்கு என்னம்மா வேணும்"னு நீங்க கேளுங்க. அவ என்ன சொன்னாலும், ஆபரேஷன் வேணும்னாலும் வேண்டாம்னாலும், அதை முழுசாக் கேட்டு முடிச்சிட்டுப் பேனாவைத் திறங்க.

நன்றி, வணக்கம்.