தையல் மெஷின் சத்தத்துக்குள்ளே

வணக்கம். நான் வைத்தியர் இல்லை, உளவளத்துணையாளரும் இல்லை. புதுக்குடியிருப்புப் பக்கம் வீட்டோடு ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். அளவு எடுக்கிற நேரத்தில் பெண்கள் மனம் விட்டுக் கதைப்பார்கள். அதனால்தான், முகம் காட்டாமல் மனக்கவலையைச் சொல்லக்கூடிய போன் இலக்கங்கள் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு பெண் வந்தாள். அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியும் இருக்கிறேன். ஆறு மாதத்துக்குள் மூன்றாவது தடவையாகச் சட்டையைப் பிடிக்கக் கொண்டுவந்தாள். நாடாவைச் சுற்றிப் பார்த்தேன், இரண்டு அங்குலம் குறைவு. "நித்திரை இல்லை அக்கா. ஏன் இருக்கிறன் எண்டு இருக்கு" என்றாள். வீட்டு வாசலில் கடன்காரர்.

"மனநல கிளினிக்குக்குப் போவமே?" என்றேன்.

"அங்க துண்டு எழுதுறது எங்கட மச்சாள். வாசலில என்ர சைக்கிள் நிண்டாலே ஊருக்குத் தெரிஞ்சிடும்."

அவள் சொன்னதில் பிழை இல்லை. வன்னியில் சைக்கிளுக்கும் முகம் உண்டு. கிளினிக்கால் குணமானவர்கள் எத்தனையோ பேர், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படலையைத் தாண்ட முடியாதவளுக்கு வேறு வழி வேண்டுமே.

1926 என்ற மனநல உதவி இலக்கத்தைச் சொன்னேன். இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம், ரீலோட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. யார் கதைப்பார்கள் என்று கேட்டாள். அங்கொடையில் இருக்கிற தேசிய மனநல நிறுவகம் என்றேன். போனை மேசையில் வைத்துவிட்டாள். நம்மவர் வாயில் அங்கொடை என்பது ஊர்ப்பெயரா என்ன, வசவு அல்லவா? "நீ அங்க போகேல்லை, உன்ர குரல்தான் போகுது" என்று சொல்லி, திரும்ப எடுக்க வைக்க நேரம் பிடித்தது.

வேறு இடங்களும் உண்டு. 1333 என்ற ஆலோசனை இலக்கமும் இலவசமானது. மனம் உடைந்தவர்களுக்குக் காது கொடுக்கிற சுமித்ரயோ என்ற அமைப்பு 1974 முதல் இருக்கிறது. அங்கே கேட்பவர்கள் தொண்டர்கள். புத்திமதி சொல்லாமல் கேட்பார்கள், அது லேசான வேலை இல்லை. சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938. எதை எடுத்தாலும் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள்: தமிழில் கதைக்கலாமா? நான் சொல்வதை யாருக்காவது சொல்வீர்களா? உயிருக்கு ஆபத்து என்று பட்டால் வேறு ஆட்களைச் சேர்க்க வேண்டி வரலாம், அதையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அந்த நிலைமை என்றால் 1990 அம்புலன்ஸ், காசு இல்லை. பொலிஸ் வழக்குப் போடும் என்று சிலர் இன்னும் பயப்படுகிறார்கள். உயிரை மாய்க்க முயல்வது குற்றம் என்ற சட்டம் 1998-இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டப் பந்தலில் இருக்கத் தொடங்கினார்கள். பக்கத்தில் இருப்பவளுக்கும் அதே துயரம் என்பது பெரிய பலம்தான். ஆனால் "பிள்ளை வரமாட்டான், திவசம் செய்வமோ" என்று ஒரு தாய்க்கு மனதில் வந்தால், அந்தப் பந்தலுக்குள் அதைச் சொல்ல வாய் வருமா? முகம் தெரியாத காது தேவைப்படுவது அப்படியான நேரத்தில்தான்.

சரி, அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். அவள் போன் புருஷன் கையிலும் போகிறது, அதனால் என்னுடையதைக் கொடுத்தேன். பின்னறையில் இருத்தினேன். தகரச் சுவர், வெளியே இரண்டு பேர் உடுப்புக்குக் காத்திருந்தார்கள். நான் மெஷினில் இருந்து, ஒரு பழைய சீலைக் கரையை மடித்து, அடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன், சத்தம் நிற்கக் கூடாது என்பதற்காக. முக்கால் மணித்தியாலம். நூல் கட்டை ஒன்று முடிந்தே போனது.

வெளியே வந்தாள், முகம் வீங்கி இருந்தது. எடுத்த இலக்கத்தைப் போனில் இருந்து அழித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சட்டையை இப்ப பிடிக்க வேண்டாம் அக்கா, கொஞ்ச நாள் பாப்பம்" என்றாள்.

சட்டை இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கிறது.