பி.டி. பீரியடைக் கடன் கொடுக்காதீர்கள்

(பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, வணக்கம்.

நம் தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பின் கால அட்டவணையைப் பாருங்கள். 'உடற்கல்வி' என்று ஒரு கட்டம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால், அந்த நேரத்தில் கரும்பலகையில் முக்கோணவியல் நடந்துகொண்டிருக்கும், பி.டி. ஆசிரியரோ விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளப் போயிருப்பார். கபடிக்குப் பேர்போன வடுவூர் இருக்கும் மண்ணில் இது நடக்கிறது.

ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, 11 முதல் 17 வயதுவரை பள்ளி செல்வோரில் உலக அளவில் 81 சதவீதத்தினர் இந்த அளவை எட்டவில்லை. சிறுமிகளில் 85, சிறுவர்களில் 78.

பிள்ளைகளின் தூக்கத்தையும் மனநிலையையும் இத்துடன் சேர்த்தே பார்க்க வேண்டும். விளையாட்டுக்கும் தூக்கத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். பருவமடையும் வயதில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. ஆகவே, பத்தரை மணிக்கும் கண் சொக்காத பிள்ளையைச் சோம்பேறி என்றோ, எல்லாம் கைப்பேசியால்தான் என்றோ மட்டும் சொல்லிவிட முடியாது. பதின்பருவத்தினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை ஏழு மணிச் சிறப்பு வகுப்புக்காக ஐந்தரைக்கு எழுந்து டவுன் பஸ்ஸைப் பிடிக்கும் பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கும்? பகல் வெளிச்சம் உடலின் கடிகாரத்தைச் சரிப்படுத்துகிறது. உடலுழைப்பு இரவில் ஆழ்ந்து தூங்கும் தேவையைக் கூட்டுகிறது. வெயில் தாழ்ந்தபின் மைதானத்தில் ஓடும் பிள்ளைக்கு இவ்விரண்டும் ஒருசேரக் கிடைக்கின்றன. படுக்கப்போகுமுன் கடுமையாக ஆடுவது மட்டும் சிலருக்குத் தூக்கத்தைத் தள்ளிப்போடும்.

தூக்கம் கெட்டால் எரிச்சலும் சோர்வும் கூடும். மனம் கலங்கினால் தூக்கமும் கெடும். இந்தச் சுழலுக்குள் எங்காவது ஓரிடத்தில் கைவைக்க வேண்டுமென்றால், பள்ளியால் எளிதாகக் கைவைக்கக்கூடிய இடம் மைதானம்தான் என்பது என் கருத்து. ஆனால் விளையாட்டு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. வாரக்கணக்கில் பேச்சற்று, சாப்பாட்டில் நாட்டமின்றி இருக்கும் பிள்ளையை "போய் விளையாடு" என்று விரட்டாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் குளமாகிவிடும் என்று தலைமையாசிரியர்கள் சொல்வது உண்மை. அந்த மாதங்களுக்குத் தாழ்வாரமும் ஸ்கிப்பிங் கயிறும் போதும். பெண் பிள்ளைகளின் சிக்கல் இன்னும் கடினமானது: ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பலரும் மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். உடை மாற்ற ஓர் அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, பையன்கள் ஆக்கிரமிக்காத ஒரு பந்தாட்டக் களம் ஆகிய மூன்றையும் கொடுத்துவிட்டுப் பிறகு அவர்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்லுங்கள்.

இன்று இக்கழகத்தின் முன் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றே: பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளின் உடற்கல்விப் பாடவேளையைப் பொதுத்தேர்வு முடியும்வரை வேறு எந்தப் பாடத்திற்கும் கொடுப்பதில்லை என்று தீர்மானம் போட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள். கணக்கு ஆசிரியர் கோபித்துக்கொண்டால் நான் வந்து பேசுகிறேன்.