விழப் பழகிய பிறகே வீசப் பழகுவோம்

அனைவருக்கும் வணக்கம்.

ஜூடோ என்றால் ‘மென்மையின் வழி’. இந்த மென்மைக்கு, ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ ஒரு கணக்குச் சொன்னார். எதிராளியின் பலம் 10, உங்கள் பலம் 7 என்று வையுங்கள். அவர் தள்ள, நீங்களும் எதிர்த்துத் தள்ளினால் தோற்பது நீங்கள்தான். அவர் தள்ளும் திசையிலேயே பின்வாங்கினால் அவர் முன்னே சாய்கிறார். சாய்ந்தவரிடம் மிஞ்சுவது 3 பங்கு பலம்தான். நீங்கள் நிலைகுலையாததால் உங்கள் 7 அப்படியே இருக்கிறது. அதில் பாதியே போதும். ஆனால் பலர் பின்வாங்கும்போது தாங்களும் குலைந்துவிடுகிறார்கள். அப்போது கணக்கு பொய்த்துப்போகும்.

1882-இல் தோக்கியோவின் ஒரு கோயிலில், 12 பாய் விரித்த இடத்தில், கானோ தம் ஜூடோ பள்ளியான கோடோகானைத் தொடங்கினார். ஜப்பானின் பழைய தற்காப்புக் கலையான ஜுஜுட்சுவின் இரண்டு மரபுகளைக் கற்றவர் அவர். குத்தும் உதையும் கட்டாவில், அதாவது வரையறுத்த அசைவுப் பயிற்சியில் மட்டும் இருக்கட்டும் என்று ஒதுக்கினார். தடையின்றி மோதும் ரண்டோரியில் வீசுதல், அமுக்குதல், கழுத்தை நெரித்தல், முழங்கைப் பூட்டு போன்றவையே மிஞ்சின. ஆபத்தானதை நீக்கியதால் கலை வலுவிழந்தது என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். உடன் பயில்பவருக்குக் காயம் வராது என்ற உறுதி இருந்தால்தான் முழு வேகத்தில், உண்மையாகவே எதிர்க்கும் ஒருவர்மேல் நாள்தோறும் பழக முடியும்.

அந்த உறுதியைத் தருவது உகேமி, விழும் முறை. பின்னால் விழும்போது மோவாயை நெஞ்சோடு ஒட்டி உங்கள் பெல்ட்டைப் பாருங்கள். பின்மண்டை தரையில் படாது. முதுகு தரையைத் தொடும் அதே கணத்தில் இரு கைகளாலும், முழங்கை முதல் உள்ளங்கைவரை, பாயை அறையுங்கள். கை உடலிலிருந்து 30 முதல் 45 பாகை விலகியிருக்கட்டும். அதற்கு மேல் போனால் அதிர்ச்சி தோளில் ஏறும். கையை ஊன்றித் தப்பிக்கப் பார்ப்பதுதான் மிகப் பெரிய தவறு: மொத்த எடையும் மணிக்கட்டிலும் முழங்கையிலும் இறங்கி எலும்பு முறியும். முதலில் படுத்தபடி, பிறகு குந்தியபடி, கடைசியாக நின்றபடி பழகுங்கள்.

வீச்சுக்கு மூன்று கட்டம்: குசுஷி நிலைகுலைப்பது, சுகுரி உடலைப் பொருத்துவது, காகே வீசி முடிப்பது. எதிராளியின் காலைப் பின்னிருந்து வாரி வீழ்த்தும் ஓசோட்டோ காரியைப் பாருங்கள். இடது கையால் எதிராளியின் வலது சட்டைக்கையையும், வலது கையால் கழுத்துப் பட்டியையும் பிடித்து, அவர் எடையை வலது குதிகாலுக்குத் தள்ள வேண்டும். உங்கள் இடது கால் அவருடைய வலது காலுக்கு வெளியே, பக்கத்திலேயே ஊன்றட்டும். மார்போடு மார்பு ஒட்டிய பிறகே வலது காலால் அவருடைய வலது காலைப் பின்னிருந்து வாரிவிடுங்கள். புதியவர்கள் இடது காலை எட்டாத தூரத்தில் ஊன்றிவிட்டு, காலால் மட்டும் வாரப் பார்ப்பார்கள். மேலுடல் பின்னே சாயும்; எதிராளி அதே வீச்சை உங்கள்மேல் திருப்பிவிடுவார். இந்த வீச்சில் விழுபவரின் பின்மண்டை அடிபடும் ஆபத்து அதிகம். உகேமி தேறாதவர்மேல் இதைச் செய்யவே கூடாது. வீசுபவர் அவருடைய சட்டைக்கையைக் கடைசிவரை விடாமல் மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும்.

‘தானும் பிறரும் சேர்ந்து வளர்தல்’ என்று கானோ சொன்னது பாயின்மேல் இப்படித்தான் நடக்கிறது. பூட்டில் மாட்டியவர் தோல்வியை ஒப்புக்கொண்டு இரண்டு முறை தட்டினால் உடனே விடுங்கள். கை அகப்பட்டிருந்தால் அவர் காலால் தட்டலாம், வாயாலும் சொல்லலாம். கழுத்துப் பிடியில் அவர் தட்டாமலே தளர்ந்துவிட்டாலும், காத்திருக்காமல் பிடியை விடுங்கள்.