புள்ளி வேறு, துளி வேறு

அனைவருக்கும் வணக்கம். கல்யாண மண்டபத்தில் பந்திக் கதவைத் திறக்கும் நேரத்தில் வாசலில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்களா? கூடம் அகலம், வாசல் குறுகல். நெரிசல் முழுவதும் வாசலில்தான். அந்த அனுபவத்தோடுதான் நாம் குழாய்த் தண்ணீரையும் பார்க்கிறோம். குழாய் குறுகும் இடத்தில் தண்ணீர் நெரிபடும், அழுத்தம் கூடும் என்று நினைத்துவிடுகிறோம். நடப்பதோ நேர்மாறு.

படுக்கைவாட்டில் ஒரு குழாய். விட்டம் 4 சென்டிமீட்டர். போகப் போக 2 சென்டிமீட்டராகக் குறுகுகிறது. விட்டம் பாதியானால் குறுக்குப் பரப்பு கால் பங்காகிவிடும். பந்திக்கு வந்தவர்கள் காத்து நிற்பார்கள். தண்ணீருக்கு அந்தப் பொறுமை கிடையாது, நெருக்கினாலும் சுருங்காது. அகன்ற பகுதியில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வந்தது, குறுகலில் 4 மீட்டர் வேகத்தில் போயே ஆகவேண்டும்.

இதைச் சீரான ஓட்டம் என்கிறோம். குழாயின் எந்தப் புள்ளியை உற்றுப் பார்த்தாலும் அங்கே திசைவேகம் காலையிலும் மாலையிலும் ஒன்றே. உடனே, "மாற்றமில்லை, ஆகவே முடுக்கம் சுழி" என்று எழுதிவிடத் தோன்றும். மாணவனாக இருந்தபோது நானும் அப்படி எழுதி மதிப்பெண் இழந்தவன்தான்! புள்ளியில் மாற்றமில்லை, சரி. அதைக் கடந்து போகும் துளிக்கு? குறுகல் 10 சென்டிமீட்டர் நீளத்துக்குள் நிகழ்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வேகத்துக்கு அந்தச் சாண் நீளத்துக்கும் குறைவான இடத்தில் தாவ வேண்டும். சராசரி முடுக்கம் 75 மீட்டர்/நொடி² வருகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏழு மடங்குக்கும் அதிகம். வெளியே பார்த்தால் அமைதியான குழாய்!

இவ்வளவு முடுக்கத்துக்கு யார் தள்ளுகிறார்கள்? குழாய் கிடைமட்டம், புவியீர்ப்பு கைகொடுக்காது. துளிக்குப் பின்னால் அழுத்தம் அதிகம், முன்னால் குறைவு. அந்த வேறுபாடுதான் தள்ளுகிறது. உராய்வை ஒதுக்கிவிட்டால் அது 7500 பாஸ்கல். இரண்டு பகுதியிலும் திறந்த கண்ணாடிக் குழல்களைச் செங்குத்தாகச் செருகினால், அகன்ற பகுதியின் குழலில் நீர்மட்டம் மற்றதைவிட ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும்.

கணித அறிஞர் டேனியல் பெர்னூலி 1738இல் வெளியிட்ட நூலில், வேகத்துக்கும் அழுத்தத்துக்குமான இந்த உறவு வேர்விட்டது. அவருடைய தந்தை யோஹான், பெருமையை மகனுக்கு விட மனமில்லாமல் தன் நூலில் 1732 என்று முன்தேதி போட்டுக்கொண்டார். சமன்பாடுகளை ஒழுங்காக நிறுவியவர் கணித மேதை ஆய்லர்.

"வேகம் கூடியதால் அழுத்தம் குறைந்தது" என்று சொல்வோரோடு எனக்கு நெடுநாள் வழக்கு. சமையலறைக் குழாயிலிருந்து விழும் தாரையைப் பாருங்கள். கீழே வர வர வேகம் கூடுகிறது, தாரை மெலிகிறது. அழுத்தம் குறைகிறதா? இல்லை. மேலேயும் கீழேயும் ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்தான். அங்கே துளியை முடுக்குவது புவியீர்ப்பு; அழுத்தத்துக்கு வேலையே இல்லை.