வை ஆற்றின் எந்தக் கரை முதலில்?

நேயர்களுக்கு வணக்கம்.

நடுவேல்ஸின் பிளின்லிமன் மலையில் பிறக்கும் வை ஆறு சுமார் 250 கிலோமீட்டர் ஓடி, செப்ஸ்டோ ஊருக்குக் கீழே செவர்ன் முகத்துவாரத்தில் கலக்கிறது. கடைசிப் பகுதியில் அந்த ஆறுதான் எல்லை. மேற்குக் கரை வேல்ஸ், கிழக்குக் கரை இங்கிலாந்து. செப்ஸ்டோவுக்கும் டின்டர்னுக்கும் இடையே அது சுண்ணாம்புப் பாறையை ஆழமாக அறுத்துக்கொண்டு வளைந்து வளைந்து போகிறது. இரு கரையிலும் செங்குத்துப் பாறைகள், அவற்றின்மேல் காடு, காட்டுக்குள் நடைபாதை.

மேற்குக் கரையில் போவது வை பள்ளத்தாக்கு நடைபாதை. துள்ளும் சால்மன் மீன்தான் அதன் அடையாளம். கிழக்குக் கரையில் ஆஃபாஸ் டைக் பாதை. அதற்கு ஏகோர்ன் எனும் ஓக் மரக் கொட்டைச் சின்னம். இரண்டையும் இணைத்து, ஒரு கரையில் போய் மறு கரையில் திரும்பினால் 18 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின் வரும். ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் 500 மீட்டரைத் தாண்டும்.

பெரும்பாலானவர்கள் செப்ஸ்டோ கோட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே மேற்குக் கரையில் நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கோட்டை அந்தக் கரையில்தானே இருக்கிறது! ஆனால் இந்த வட்டத்தைக் கிழக்குக் கரையில் தொடங்குவதே சரி. காரணம் வெயில். கிழக்குக் கரையின் முக்கியக் காட்சிமுனையான டெவில்ஸ் பல்பிட் மேற்கே பார்த்திருக்கிறது. காலையில் அங்கே நின்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், எதிரே கீழே டின்டர்ன் மடாலம் முழு வெளிச்சத்தில். மேற்குக் கரையின் ஈகிள்ஸ் நெஸ்ட் தென்கிழக்கே பார்த்திருக்கிறது. அங்கே காலையில் போனால் கண் கூசும், பள்ளத்தாக்கு வெறும் புகைமூட்டமாகத் தெரியும். பிற்பகலில் அதே இடத்தில் எதிர்க்கரைப் பாறைகள் ஒவ்வொரு வெடிப்பும் தெரியத் துலங்கும். ஆகவே காலையில் கிழக்கு, மதியம் டின்டர்ன், பிற்பகலில் மேற்கு.

செப்ஸ்டோ ரயில் நிலையத்தில் இறங்கி ஆற்றங்கரைக்கு வாருங்கள். 1816-இல் கட்டிய வார்ப்பிரும்புப் பாலம் இருக்கிறது. பாலத்தில் நின்று தண்ணீரைக் கவனியுங்கள். செவர்ன் முகத்துவாரத்தின் ஏற்றவற்றம் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. பேரேற்ற நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 14 மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். வற்றிய நேரத்தில் இரு பக்கமும் பளபளக்கும் சேற்றுச் சரிவு. அதில் இறங்கிப் படம் எடுக்க ஆசைப்படாதீர்கள். கால் புதைந்தால் மீள்வது கடினம், தண்ணீர் திரும்பி வரும் வேகமும் அதிகம். கடலின் ஏற்றவற்றம் டின்டர்னையும் தாண்டி பிக்ஸ்வியர் பாலம் வரை தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கரையோரத் தாழ்வான பாதைகளில் தண்ணீர் ஏறலாம் என்பதால் முதல் நாளே நேர அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

பாலத்தைக் கடந்ததும் எதிரே செங்குத்தாக ஏறும் சந்து. மூச்சு வாங்கும், ஆனால் சின்ன ஏற்றம்தான். மேலே ஏகோர்ன் சின்னத்தைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனால் உட்கிராஃப்ட் அருகே பி 4228 சாலையை ஒட்டி வின்டர்ஸ் லீப். பதினேழாம் நூற்றாண்டில் நடந்த ஆங்கிலேய உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்ற சர் ஜான் வின்டர் என்பவர், துரத்தி வந்தவர்களிடமிருந்து தப்ப இங்கிருந்து குதிரையோடு பாய்ந்தார் என்று கதை சொல்வார்கள். பாறையின் உயரம் 60 மீட்டர். கதையை நம்புவதற்கு முன் கீழே ஒரு முறை எட்டிப் பாருங்கள். எட்டிப் பார்க்கும்போது விளிம்பிலிருந்து இரண்டு எட்டு தள்ளியே நில்லுங்கள், எல்லா இடத்திலும் வேலி கிடையாது. பாறையேறுபவர்கள் கீழே இருப்பார்கள், ஒரு சிறு கல்லைக்கூடக் காலால் தள்ளிவிடாதீர்கள். சாலையை ஒட்டிய இடங்களில் நடைமேடை குறுகலாக இருக்கும், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிறகு வயல்களும் காடும் மாறி மாறி வரும். காட்டுக்குள் பாதையோரம் நீளமாக ஒரு மண்மேடு கூடவே வருவதைப் பார்க்கலாம். பழைய ஆங்கிலோ-சாக்சன் நாடான மெர்சியாவின் அரசன் ஆஃபா, 757 முதல் 796 வரை ஆண்டவன், எழுப்பிய எல்லைக்கரை அது. பாதையே அதன்மேல் போகும் இடங்கள் தவிர மற்ற இடங்களில் மேலே ஏறாதீர்கள். 1,200 ஆண்டு நின்ற மண், பூட்ஸ் கால்களுக்குச் சீக்கிரம் கரைகிறது.

டெவில்ஸ் பல்பிட் என்பது காட்டின் விளிம்பில் துருத்தி நிற்கும் ஒரு சுண்ணாம்புக்கல் தூண். சாத்தான் அதன்மேல் நின்று கீழேயுள்ள துறவிகளைக் கெடுக்கப் பிரசங்கம் செய்தான் என்பது ஊர்க்கதை. காலை எட்டரைக்குப் புறப்பட்டிருந்தால் பதினொரு மணிவாக்கில் இங்கே வந்துவிடலாம். அக்டோபரில் பள்ளத்தாக்கை மூடுபனி அடைத்துக்கொள்ளும். குளிர்ந்த காற்று இரவில் கீழே இறங்கித் தங்குவதால் மேலே வெயில் அடிக்கும்போதும் மடாலம் கண்ணுக்குத் தெரியாது. அந்த மாதத்தில் ஒரு மணி நேரம் தாமதித்துக் கிளம்பலாம். ஆனால் இருட்டுவதும் சீக்கிரம், அதையும் கணக்கில் எடுங்கள்.

இங்கிருந்து டின்டர்னுக்கு இறங்குவதுதான் முழுப் பயணத்திலும் அதிகம் பேர் விழும் இடம். சரிவு, ஈரக் கல், மேலே அழுகிய இலை. சுண்ணாம்புக்கல் நனைந்தால் சோப்புக்கட்டிதான். அதிலும் பலர் நடந்து மெருகேறிய கல்லைவிடப் பக்கத்திலுள்ள கரடுமுரடான கல்லில் கால் வைப்பது மேல். மர வேர்களைக் குறுக்கே தாண்டுங்கள், நீளவாக்கில் மிதிக்காதீர்கள். ஊன்றுகோலைச் சற்று நீளமாக்கி முன்னால் ஊன்றினால் முழங்கால் தப்பும். அடிவாரத்தில் இரும்புக் கம்பி ஆலைக்காகப் போட்ட பழைய ரயில் பாலம் இருக்கிறது. இப்போது நடப்பவர்களுக்கானது. அதைக் கடந்தால் வேல்ஸ்.

இரும்புக் கம்பி இழுக்கும் ஆலை டின்டர்னில் 1566-லேயே தொடங்கிவிட்டது. ஓடைகளின் நீர்விசையும் காட்டின் மரக்கரியும் அதற்குத் தீனி. யாரும் தொடாத வனம் போலத் தோன்றும் இந்தக் காடு, நூற்றாண்டுகளாக அடியோடு வெட்டித் துளிர்க்கவிட்ட காடு. ஓர் அடிக்கட்டையிலிருந்து நாலைந்து தண்டுகள் கிளம்பியிருக்கும் மரங்களைப் பார்த்தால் தெரியும்.

மடாலம் 1131-இல் வால்டர் டி கிளேர் நிறுவியது, சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகளுடையது. இப்போது நிற்கும் பெரிய தேவாலயத்தை 1269-இல் தொடங்கினார்கள். இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது 1536-இல் ஒப்படைக்கப்பட்டது. கூரையிலிருந்த ஈயத்தை உரித்து எடுத்துப் போனார்கள், கூரை போனதும் மற்றவை காலத்தின் வேலை. மேற்குச் சன்னலை மட்டும் நிதானமாகப் பாருங்கள். கண்ணாடி இல்லை, ஆனால் ஏழு பிரிவாக எழும் கல் வேலைப்பாடு பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. வேல்ஸ் அரசின் தொல்லியல் துறையான ‘Cadw’ பராமரிக்கிறது. நுழைவுக்கட்டணம் உண்டு, பழுதுபார்க்கும் வேலைக்காகச் சில பகுதிகளை மூடியிருக்கலாம்.

களைத்துவிட்டீர்கள் என்றால் இங்கேயே நிறுத்தலாம். செப்ஸ்டோவுக்கும் மான்மத்துக்கும் இடையே ஓடும் 69-ஆம் எண் பேருந்து டின்டர்ன் வழியாகத்தான் போகிறது. அடிக்கடி வராது, ஞாயிறுகளில் இன்னும் யோசிக்க வேண்டும். இன்னொரு வழி, பழைய ரயில் தடத்தில் நடப்பதற்காக 2021-இல் திறந்த கிரீன்வே. 1876-இல் ஓடத் தொடங்கி 1959-இல் பயணிகள் சேவை நின்றுபோன ரயில் தடம் அது. ஏற்றமே இல்லாமல் கிழக்குக் கரையில் செப்ஸ்டோ பக்கம் கொண்டுபோய்விடும். நடுவில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம், டார்ச் வேண்டும். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக அதை அடைத்துவிடுவார்கள், அப்போது இந்த வழி உதவாது.

தெம்பிருந்தால் ஏ 466 சாலையைக் கடந்து மேற்குக் கரைக் காட்டுக்குள் ஏறுங்கள். சால்மன் சின்னம் வழிகாட்டும். மதிய உணவுக்குப் பிறகு வரும் இந்த ஏற்றத்தில் முதல் இருபது நிமிடம் மெதுவாகப் போவது நல்லது. மேலே விண்ட்கிளிஃப் பாறைமுகப்பில் ஈகிள்ஸ் நெஸ்ட். கீழே லங்காட் தீபகற்பத்தைச் சுற்றி ஆறு போடும் வளைவு, அதற்கப்பால் செவர்ன், 1966-இல் திறந்த தொங்குபாலம், வானம் தெளிவாக இருந்தால் அதற்கும் அப்பால் 1996-இல் திறந்த இரண்டாவது பாலம்.

இறங்க இரண்டு வழி. ஒன்று 1828-இல் போஃபோர்ட் பிரபுவின் பண்ணைக் காரியஸ்தர் அமைத்த 365 படிகள். எண்ணிக்கொண்டு இறங்குபவர்களுக்கு ஆளுக்கொரு கணக்கு வரும், சண்டை வேண்டாம். மழை பெய்திருந்தால் படிகளை விட்டுவிட்டுச் சுற்றிப் போகும் மண்பாதையைப் பிடியுங்கள். கீழே சாலையைக் கடக்கும் இடம் வளைவில் இருக்கிறது. வாகனம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காதில் விழும், இயர்போனைக் கழற்றிவிடுங்கள்.

அப்பால் பியர்ஸ்ஃபீல்ட். ஆன்டிகுவாவில் பிறந்த, கரும்புத் தோட்டக் குடும்பத்து வாலன்டைன் மாரிஸ் 1750-களில் அமைத்த உலாப்பாதை இது. பாதை ஒரு குகைக்குள் புகுந்து வெளியே வருவதும், லவர்ஸ் லீப்பில் திடீரென்று பள்ளம் திறப்பதும் அவர் திட்டமிட்டுச் செய்த வித்தைகள். செலவு அவரைக் கடனில் தள்ளியது. 1802-இல் இதை வாங்கியவர் நதானியேல் வெல்ஸ். செயின்ட் கிட்ஸ் தீவில் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தவர், அடிமைகளை வைத்திருந்த தந்தையின் சொத்துக்கு வாரிசானவர், 1818-இல் மான்மத்ஷயரின் ஷெரிஃப் ஆனவர். பிரிட்டனின் முதல் கறுப்பின ஷெரிஃப் என்று அறியப்படுகிறார். வழிகாட்டிப் பலகைகளில் பாதியை மரங்கள் மறைத்துக்கொண்டிருக்கும் இந்தக் காட்டில், இந்த இரண்டு பெயர்களைத் தெரிந்துகொண்டு நடப்பது வேறு அனுபவம்.

நேரக் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி. அதன்படி இந்த வட்டம் நாலரை மணி நேரம். சேறு, காட்சிமுனைகள், மடாலம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், அப்போது பாதி வட்டமும் பேருந்தும் போதும். பள்ளத்தாக்குக்குள் கைப்பேசி சிக்னல் விட்டுவிட்டு வரும். பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல் 14 வரைபடத் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், நான்கு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை உண்ணி உண்டு, முழுக்கால்சட்டை போட்டு, வீடு போனதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குளைப் பாருங்கள். நோயுற்ற ஆஷ் மரங்களை வெட்டுவதற்காகச் சில நாள் பாதையை மூடுவார்கள். கயிறு கட்டியிருந்தால் குனிந்து நுழையாதீர்கள், அந்த மரம் எந்தப் பக்கம் விழும் என்று வெட்டுபவருக்கே உறுதியாகத் தெரியாது.

பாதை செப்ஸ்டோ கோட்டை மதிலடியில் கொண்டுவந்து விடும். 1067-இல் கட்டத் தொடங்கிய கோட்டை. உள்ளே வைத்திருக்கும் மரக் கதவுகள் 1190-க்கு முந்தியவை என்று மரவளையக் கணக்கில் தெரிந்திருக்கிறது, ஐரோப்பாவின் மிகப் பழைய கோட்டைக் கதவுகளாக அவற்றைச் சொல்கிறார்கள். கதவைப் பார்க்க வேண்டுமென்றால் மாலையில் மூடும் நேரத்தை முன்பே விசாரித்து, டின்டர்னிலிருந்து பிற்பகல் 1:30-க்குள் கிளம்பிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.