நிமோனியா வார்டில் திடீரென உளறுகிறார்: என்ன பார்க்க வேண்டும்?

[திரையில்: இரவு வார்டு, ஆக்சிஜன் மாஸ்க்குடன் ஒரு முதியவர்]

நிமோனியாவுக்குச் சேர்த்து இரண்டு நாள்தான் ஆகிறது. இரவில் டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குகிறார். மகனைப் பார்த்தே "யாருப்பா நீ?" என்கிறார். வயதானால் வரும் மறதி என்று விட்டுவிடாதீர்கள். மறதி நோய் மாதக்கணக்கில் வளரும். ஓரிரு நாளில் தொடங்கி, காலையில் தெளிந்து, பொழுது சாய்ந்ததும் கூடினால் அது டெலிரியம், அதாவது உடல்நோயால் திடீரென வரும் மனக்குழப்பம்.

கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். எங்களுக்குப் பயம், டெலிரியத்தில் சத்தமில்லாமல் கிடப்பவரைப் பற்றித்தான். "நல்லா தூங்குறார்" என்று வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள், நோய் முற்றிக்கொண்டிருக்கும்.

[திரையில்: சனி, வெள்ளி, வியாழன்…]

கண்ணாடி, காது மெஷினை மாட்டிவிட்டு, கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள். நேற்று சரியாகச் சொன்னவர் இன்று பாதியில் தடுமாறினால், எப்போதிருந்து என்ற விவரத்தோடு நர்சிடம் சொல்லுங்கள்.

[திரையில்: விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர்]

ஆக்சிஜன் குறைவு, காய்ச்சல், தொற்றின் அழற்சி எல்லாமே மூளையைக் குழப்பும். ஆனால் ஆக்சிமீட்டர் காட்டாத ஒன்று இருக்கிறது: கார்பன் டை ஆக்சைடு. சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவருக்கு ஆக்சிஜன் அளவுக்கு மீறிப் போனால் கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் ஏறும். தலைவலி வரும், நீட்டிய கை படபடக்கும், பிறகு எழுப்ப முடியாத தூக்கம். அதனால்தான் அவர்களுக்கு ஆக்சிமீட்டரில் இலக்கு 88 முதல் 92 சதவீதம். "நம்பர் கம்மியா இருக்கே" என்று ஆக்சிஜன் குமிழை நீங்களாகத் திருப்பவே கூடாது. தமனி ரத்தத்தைப் பரிசோதித்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்து ரத்தத்தில் உள்ள சோடியம் உப்பு. இயல்பு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். நிமோனியாவே அதைக் குறைக்கும். 125-க்குக் கீழே போனால் குழப்பம், வலிப்பு வரை போகலாம். நாள்பட்ட குறைவை அவசரமாக ஏற்றினால் மூளைத்தண்டு பாதிக்கப்படும். 24 மணி நேரத்தில் 8 முதல் 10 வரை ஏறினால் போதும் என்று டாக்டர்கள் நிதானிப்பது இதற்காகத்தான்.

தூங்கட்டும் என்று வீட்டிலிருந்து தூக்க மாத்திரை கொண்டுவந்து தராதீர்கள். லோராசெபாம் போன்றவை குழப்பத்தைக் கூட்டும், மூச்சையும் அடக்கும். சிறுநீர் அடைப்பும் மலச்சிக்கலும்கூடக் காரணமாகலாம், அதையும் கேளுங்கள். பகலில் ஜன்னல் வெளிச்சம் படட்டும். டாக்டர் அனுமதித்தால் எழுப்பி உட்கார வையுங்கள்.

[திரையில்: ஒருபக்கம் கோணிய வாய்]

வாய் கோணல், ஒரு கை தொய்வு, திடீர்ப் பேச்சுக் குழறல் வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். கோவிட், ஃப்ளூ போன்ற தொற்றுகள் ரத்த உறைவைத் தூண்டும். அந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு 4.5 மணி நேரம். கெடு எண்ணப்படுவது நீங்கள் பார்த்த நொடியிலிருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. அந்த நேரத்தைத்தான் டாக்டர் முதலில் கேட்பார்.