மட்டுப்பாடு போடுகிறவர் காரணம் காட்டட்டும்

(மனித உரிமைகள் நாளையொட்டி மட்டக்களப்பு நகரில் நடந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கமிருந்து வந்திருக்கும் சகோதரர்களே, பின்வரிசையில் கதைத்துக்கொண்டிருக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம், ஸலாம்.

மனித உரிமை என்று வாய் திறந்தாலே, "அதுக்கும் ஒரு எல்லை இருக்குத்தானே" என்று கேட்கிறவர்கள் உண்டு. இருக்கிறது, நான் மறுக்கவில்லை. 1948 டிசம்பர் 10ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய உலகப் பிரகடனமே 29ஆம் உறுப்புரையில் அதைச் சொல்கிறது. ஆனால் அந்த எல்லையை யார் போடுவது? போட்டவர் அதற்கு எங்கே பதில் சொல்வது? இதைக் கேட்பவர்கள் குறைவு.

இலங்கை 1980 ஜூன் 11ஆம் திகதி குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தில் சேர்ந்தது. ஐசிசிபிஆர் என்று செய்தியில் அடிபடுவது அதுதான். அதன் 4ஆம் உறுப்புரைப்படி, நாட்டின் உயிருக்கே ஆபத்தான அவசரகாலம் வந்து, அதைப் பகிரங்கமாகப் பிரகடனமும் செய்தால், சில உரிமைகளை அரசு தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். அதுவும் நிலைமைக்குக் கண்டிப்பாகத் தேவையான அளவுக்கு மட்டும். இனம், மொழி, மதம் பார்த்து ஒரு பகுதியாரை மட்டும் நசுக்கக் கூடாது. அப்படி நிறுத்தும்போதும் கைவைக்கவே முடியாதவை உண்டு: உயிர் வாழும் உரிமை, சித்திரவதைக்கு உள்ளாகாமை, அடிமையாக வைக்கப்படாமை, சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம், இன்னும் சில.

அந்தப் பட்டியலில் நம்மில் பலர் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. ஒப்பந்தக் கடனைத் திருப்பிக் கட்ட முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் சிறையில் போடக்கூடாது. யுத்தம் நடந்தாலும் கூடாது. நுண்கடன் தவணைக்கு வாசலில் வந்து நின்று "உள்ளே போட்டிருவம்" என்று மிரட்டும் ஆட்களுக்கு இதை யாராவது படித்துக் காட்டினால் நல்லது.

சரி, நமது மாவட்டத்துக் கதை ஒன்றுக்கு வருவோம். 1993 ஜூலையில், விடியற்காலைச் சுற்றிவளைப்பு ஒன்றில் சிங்கராசா என்பவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவருக்குத் தெரிந்தது தமிழ். பெருவிரல் அடையாளம் வைத்த ஒப்புதல் வாக்குமூலமோ சிங்களத்தில் இருந்தது. சித்திரவதை செய்துதான் வாங்கினார்கள் என்று அவர் சொன்னார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? வாக்குமூலம் பலாத்காரமாக வாங்கப்பட்டது என்பதைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். பூட்டிய அறைக்குள் நடந்ததற்கு அவர் எந்தச் சாட்சியைக் கூப்பிடுவார்? 1995இல் மேல் நீதிமன்றம் 50 வருடச் சிறை கொடுத்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆனது.

வழக்கு ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனது. 2004இல் அந்தக் குழு, நிரூபிக்கும் சுமையை அவர் தலையில் வைத்தது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறுவதாகச் சொன்னது. அதை வைத்துக்கொண்டு அவர் நமது உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, 2006இல் கிடைத்த பதில் வேறு. அந்தக் குழுவுக்குத் தனிநபர் முறையிட வழிவிட்ட, சமவாயத்தின் துணை உடன்படிக்கையான நெறிமுறையில் 1997இல் ஜனாதிபதி சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்றார்கள். சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் அதற்கும் ஒரு தர்க்கம் உண்டு. சர்வதேச உடன்படிக்கை தானாகவே உள்நாட்டுச் சட்டம் ஆகிவிடாது. ஆனால் சர்வதேச மேடையில் கையெழுத்து வைத்துவிட்டு, உரிமை கேட்டு வந்தவரிடம் அந்தக் கையெழுத்து செல்லாது என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? எனக்கு இன்றுவரை அது சமிக்கவில்லை.

இதிலே இன்னொரு நுணுக்கம். பேச்சுச் சுதந்திரத்தை மட்டுப்படுத்துவதானால் அது சட்டத்தில் சொல்லப்பட்டிருக்க வேண்டும், அவசியமானதாகவும் இருக்க வேண்டும் என்று சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை சொல்கிறது. நமது 1978 அரசியலமைப்பின் 15ஆம் உறுப்புரை, தேசிய பாதுகாப்பு முதலியவற்றின் நலன் கருதிச் சட்டம் விதிக்கும் மட்டுப்பாடு என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. அவசியமா என்ற கேள்வி அதில் இல்லை. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கொரோனா காலத்தில் கண்ணால் கண்டோம்.

மதத்தை நம்புவது வேறு, அதை வெளியே அனுசரிப்பது வேறு. நம்பிக்கைக்குள் அரசு நுழையவே முடியாது. அனுசரிப்பதைப் பொதுப் பாதுகாப்பு, ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கம், மற்றவர் உரிமை ஆகியவற்றுக்காக மட்டுப்படுத்தலாம். சமவாயத்தின் 18ஆம் உறுப்புரையில் தேசிய பாதுகாப்பு என்ற காரணம் கிடையாது. தவறி விடுபட்டதல்ல.

சுகாதாரம் சரியான காரணம்தான். ஊரடங்கையோ கோயில், பள்ளிவாசல், தேவாலயங்களை மூடியதையோ நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2020 மார்ச் கடைசியிலிருந்து, கொரோனாவில் இறந்த எல்லோரையும் எரித்தே ஆக வேண்டும் என்றார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொன்ன பிறகும் அப்படித்தான். பிறந்து 20 நாளான குழந்தையையும் பெற்றோர் சம்மதமில்லாமல் எரித்தார்கள். நிலத்தடி நீர் கெட்டுப்போகும் என்றார்கள். ஆதாரம் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. அந்த வருட டிசம்பரில் உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கே எடுக்கவில்லை. அப்புறம் 2021 பெப்ரவரியில் வர்த்தமானி மாறியது. மார்ச்சில் நமது ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள், அதாவது இறந்தவர்களின் உடல்கள், அடக்கம் செய்யப்பட்டன. எல்லா மதத்தவருமாக 3,000க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். மண்ணும் அதே நாட்டு மண், கிருமியும் அதே கிருமி. முதல் பதினோரு மாதமும் மட்டும் எந்த அவசியம் இருந்தது? 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு வந்தது நல்லதுதான், ஆனால் எரித்த உடலை அது திருப்பித் தராது.

இதைத் தமிழர்களும் கொஞ்சம் மனதில் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில், முஸ்லிம்களைப் பற்றி "அவங்கட பிரச்சினைதானே" என்று நம்மில் எத்தனை பேர் பேசாமல் இருந்தோம்? சிங்கராசா வழக்கின்போது மற்றப் பக்கமும் அப்படித்தான் இருந்தது. காரணம் காட்டாமல் ஒருவர் மீது போட்ட மட்டுப்பாட்டை விட்டுவிட்டால், அடுத்தவருக்குப் போடும்போது காரணம் தேடும் சிரமம்கூட அரசுக்கு இருக்காது.

(உரை முடிந்ததும் மாணவி ஒருவர், உரிமை மீறப்பட்டால் எவ்வளவு காலத்துக்குள் போக வேண்டும் என்று கேட்டார்.)

நல்ல கேள்வி மகள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். கொழும்புக்குப் போக வசதியில்லையென்றால், அந்த ஒரு மாதத்துக்குள் இங்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. ஆனால் முறைப்பாடு கொடுத்த கையோடு வீட்டில் இருந்துவிடக் கூடாது. விசாரணை உண்மையாகவே நடக்கிறது என்பதைக் காட்டும்படி உயர் நீதிமன்றம் கேட்டிருக்கிறது. ஆகவே ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் திகதியோடு கோப்பில் போட்டு வையுங்கள்.